இடைநிலைத் தோட்டாவா, இடையாற்றல் தோட்டாவா?

> ‘நடுத்தரத் தோட்டா’ அல்லது ‘குறுந்தோட்டா’, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே?

ஆங்கிலத்தில் intermediate cartridge, அதாவது ஆற்றலில் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கும் முழு ரைபிள் தோட்டாவுக்கும் நடுவில் நிற்பது, அதற்குத் தமிழில் என்ன பேர் என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன இரண்டுமே வேண்டாம் என்பேன். நடுத்தரம் என்றால் ஏதோ தரம் குறைந்த சரக்கு என்றுதான் காதில் விழும். குறுந்தோட்டா ஜெர்மானியர் போன வழி. 57 மி.மீ. நீளக் கூடு (மருந்தை அடைக்கும் உலோக உறை) கொண்ட மௌசர் ரைபிள் தோட்டாவை 33 மி.மீ. ஆகக் குறுக்கி, இரண்டாம் உலகப் போரில் எஸ்டிஜி 44 துப்பாக்கிக்குப் போட்டார்கள், பேரும் ‘குர்ட்ஸ்’ (குட்டை) என்றே வைத்தார்கள். ஆனால் 17 மி.மீ. கூடு கொண்ட ஒரு கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கும் அவர்களிடம் அதே ‘குர்ட்ஸ்’தான்!

குண்டின் விட்டத்தைப் பிடித்துப் பேர் வைக்கப் பார்த்தாலும் வழுக்கிவிடும். ஏகே 47-இன் தோட்டாவும் 7.62 மி.மீ., நேட்டோவின் முழு ரைபிள் தோட்டாவும் 7.62 மி.மீ. கூடு மட்டும் முன்னதில் 39 மி.மீ., பின்னதில் 51. வேறுபாடு ஆற்றலில்தான் இருக்கிறது: 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டா சுமார் 500 ஜூல், ஏகே சுமார் 2000, நேட்டோ 3300-க்கு மேல். அந்த நடுவில் இருப்பதற்குத்தான் நாம் பேர் தேடுகிறோம், ஆகவே என் ஓட்டு ‘இடையாற்றல் தோட்டா’வுக்கு. ‘இடைவலு’ என்று ஒருவர் சொன்னதும் அழகுதான், ஆனால் இலங்கைப் பாடநூல்களில் வலு என்பது வேறு அளவு, வாட்டில் அளப்பது. ஜூலில் அளப்பது தமிழ்நாட்டில் ஆற்றல், அங்கே சக்தி.

இடைநிலை? ருஷ்யர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் முதலில் அதையே எழுதினேன். பரிசோதனைக் கட்டத்தில் இருப்பதைச் சொல்ல வந்தபோது ‘ஆய்வுநிலை இடைநிலைத் தோட்டா’ என்று நிலைக்கு மேல் நிலை வந்து நின்றது. ‘ஆய்வுநிலை இடையாற்றல் தோட்டா’ என்றால் அந்த இடிபாடு இல்லை. பிரிட்டன் 1951-இல் இஎம்-2 துப்பாக்கியோடு ஏற்று, பிறகு கைவிட்ட 7 மி.மீ. தோட்டாவைப் பற்றி எழுதும்போது இது கட்டாயம் தேவைப்படும்.

ஆனால் ‘சோதனைத் தோட்டா’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது புதுத் துப்பாக்கியின் குழல் தாங்குமா என்று பார்க்க, வேண்டுமென்றே அழுத்தம் கூட்டிச் சுடும் தோட்டாவுக்கு வேண்டிய சொல்.

அப்புறம், குண்டு என்பது குழலை விட்டுப் பறந்து போகும் உலோகத்துண்டு மட்டும். கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுசுக்குத்தான் தோட்டா. நம் கலைச்சொல் பட்டியலில் 3 இடத்தில் இது மாறிக் கிடக்கிறது, இன்று இரவே திருத்திவிடுகிறேன்.