தொப்புளில் தொடங்கிய வலி வலப்பக்கம் இறங்கியது ஏன்?

செம்பனைக்காட்டார், சுங்கை சிப்புட்:
வணக்கம். படிவம் ஐந்தில் படிக்கும் என் மகனுக்குச் சென்ற மாதம் ஓர் இரவு தொப்புளைச் சுற்றி வலி கண்டது. குடலேற்றம் என்று எண்ணிய என் தாயார் விளக்கெண்ணெய் தடவி நீவிவிட வந்தார். பையன் தொடவே விடவில்லை. விடிவதற்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட, ஈப்போவுக்குக் கொண்டுசென்றோம். அன்றே குடல்வாலை (அப்பெண்டிக்ஸ்) அறுத்து எடுத்தார்கள். இப்போது நலமாக இருக்கிறான். குடல்வால் வலப்பக்கத்தில் இருக்கும்போது முதலில் தொப்புளில் வலித்தது ஏன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

உயிரியல் ஆசிரியை:
ஐயா, இதற்கான விடை கருவறையில் தொடங்குகிறது. 6ஆம் வாரத்தில் வளரும் குடலுக்கு வயிற்றில் இடம் போதாமல், அதன் நடுப்பகுதி தொப்புள்கொடிக்குள் இறங்கி, 10ஆம் வாரமளவில் மீண்டும் உள்ளே வருகிறது. இதற்கிடையில் அது மொத்தம் 270 பாகை சுழல்வதால்தான் பெருங்குடலின் தொடக்கமும் அதில் தொங்கும் குடல்வாலும் வலப்பக்கம் போய்ச் சேர்கின்றன. இடம் மாறினாலும் நரம்பு மாறுவதில்லை. குடல்வாலின் வலியுணர்வும் தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் உணர்வும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில், அதாவது மார்புப் பகுதியின் 10ஆம் நரம்பு வழியாக நுழைவதால், மூளை தொப்புளையே சுட்டுகிறது. வீடு மாறிய பிறகும் கடிதம் பழைய லயத்துக்கே வருவதைப் போன்றது இது. இரைப்பையின் வலி மேல்வயிற்றில் தெரிவதற்கும் இதே ஏற்பாடுதான் காரணம்.

ஓய்வுபெற்ற தோட்டத்து டிரெஸ்ஸர் (தோட்ட மருத்துவ உதவியாளர்):
ஆசிரியை சொன்னது முதற்பாதி. வீக்கம் முற்றி, வயிற்றறையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சவ்வைத் தொடும்போது வலி இடம் பெயர்கிறது. அந்தச் சவ்வுக்கு உடற்சுவரின் நரம்புகளே செல்வதால் இடத்தைத் துல்லியமாகக் காட்டிவிடும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்குக் கோடு இழுத்தால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் வலி மிகுந்திருக்கும் என்று மெக்பர்னி என்ற அறுவை மருத்துவர் 1889இல் எழுதினார். ஆனால், பலருக்குக் குடல்வால் பெருங்குடலின் பின்னே மறைந்தோ இடுப்புக்குழிக்குள் தொங்கியோ இருக்கும் என்பதால், எல்லாரிடமும் வலி இந்தப் பாடத்தின்படி நடந்துகொள்வதில்லை. அம்மா நீவாமல் விட்டதும் நல்லதே. இந்த நிலையில் பேதிக்குக் கொடுப்பது அதைவிட ஆபத்தானது, குடல்வால் வெடித்துவிடக்கூடும்.

செம்பனைக்காட்டார்:
இருவருக்கும் நன்றி. தாயாரிடம் படித்துக் காட்டினேன். குடலேற்றம் என்று சொல்வதும் தொப்புள் வலிதானே, எப்படிப் பிரித்தறிவது என்று கேட்கிறார்.

ஓய்வுபெற்ற தோட்டத்து டிரெஸ்ஸர்:
கையால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பசி அறவே நின்று, வலி சில மணி நேரத்தில் இடம் மாறி, இருமினாலும் ஒற்றைக்காலில் குதித்தாலும் வலப்பக்கம் சுரீரென்று இழுத்தால், எண்ணெய்ப் புட்டியைத் திறக்காமல் பிள்ளையை வண்டியில் ஏற்றிவிட வேண்டும்.