சின்ன அணிகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பெரிய விளையாட்டுப் போட்டி என்றாலே பதக்கப் பட்டியலின் முதல் பத்து நாடுகளைப் பற்றித்தான் பேச்சு. இரண்டு பேர், நான்கு பேர் என்று வந்து இறங்கும் அணிகளை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? நானே ஆரம்பிக்கிறேன்.

2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தன்னார்வலராக இருந்தேன். நேரு ஸ்டேடியம் வளாகத்தில் பளுதூக்கும் அரங்கம். மேடைக்குப் பின்னால் வார்ம்-அப் அறையில் எனக்கு வேலை. வேலை என்ன பெரிய வேலை, தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பதும் வழி காட்டுவதும்தான்.

பளுதூக்குதலில் நிலையான வரிசை கிடையாது என்பதே அங்கே போய்த்தான் எனக்குத் தெரியும். குறைந்த எடை கேட்டவர் முதலில் தூக்க வேண்டும். ஆனால் கேட்ட எடையைக் கடைசி நேரத்தில் மாற்றவும் விடுவார்கள். ஒருவர் இரண்டு கிலோ ஏற்றினால் போதும், வரிசையே புரண்டுவிடும். அதனால் பெரிய அணிகளில் எடையை மாற்றிச் சொல்லும் மேசையருகே ஒருவர் கணக்குப் பார்ப்பார், பாரில் தட்டு மாற்ற ஒருவர், வீரரின் தோளை நீவிவிட ஒருவர். இன்னொருவர் சும்மா முறைத்துக்கொண்டு நிற்பார். அவர்தான் தலைமை கோச் என்று பிறகு தெரிந்தது.

ஒரு பசிபிக் தீவு அணிக்கு இத்தனை வேலைக்கும் ஒரே ஆள். ஐம்பது வயதுக்காரர். மேசைக்கு ஓடுவார், எட்டிப் பார்ப்பார், திரும்பி ஓடிவந்து தட்டு மாற்றுவார். நான்கைந்து முறை ஓடியபிறகு என்னைப் பார்த்தார். “திரையில் எங்களுக்கு முன்னால் மூன்று பேர் என்று வந்தால் கையைத் தூக்கு, அது போதும்” என்றார். சரி என்று நின்றேன். மூன்று பேர் வந்தார்கள், கையைத் தூக்கினேன். அடுத்த நிமிடமே முன்னால் இருந்த இருவரும் எடையை ஏற்றிவிட்டார்கள். மூன்று ஒன்றாகிவிட்டது. நான் அந்த மூன்றிலேயே நிற்கிறேன்! தூக்க வேண்டிய பையன் அப்போது பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கட்டில் டேப் சுற்றிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் அவன் பெயர் கேட்டது. பாதி சுற்றிய டேப் தொங்க ஓடினான். பெயர் கூப்பிட்டதிலிருந்து ஒரு நிமிடம்தான், அதற்குள் பார் தரையைவிட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்பியது. தலைக்கு மேலும் போனது. ஆனால் முழங்கை வளைந்து நிமிர்ந்ததால் நடுவர்களின் விளக்குகளில் இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. தோல்வி.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். கோச் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கோபமில்லை, அடுத்த எடையைச் சொல்ல மேசைக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

அதே அரங்கில்தான் 77 கிலோ பிரிவும். கூட்டம் நம் சுதீர் குமாருக்காகத் தொண்டை கிழியக் கத்தியது. அவருக்கு வெண்கலம். தங்கம் நவூருவின் யுகியோ பீட்டருக்கு. பக்கத்தில் இருந்தவர் “எந்த ஊருங்க அது?” என்று கேட்டார், எனக்கும் தெரியவில்லை. அப்புறம் தேடிப் பார்த்தேன். பசிபிக்கில் ஒரு தீவு நாடு, பரப்பளவே 21 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை பத்தாயிரம் சொச்சம். அப்போது அந்த நாட்டின் அதிபராக இருந்த மார்கஸ் ஸ்டீபனே பழைய பளுதூக்கும் வீரர். 1990இல் ஆக்லாந்தில் நவூருவுக்கு முதல் காமன்வெல்த் தங்கம் வாங்கித் தந்தவர்.

*

நான் யாழ்ப்பாணம், இப்போது சிட்னி. 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் எங்களுக்குக் காலைநேர நீச்சல் தகுதிச் சுற்றுக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. பெரிய ஆட்கள் நீந்தும் இரவுக்குக் கிடைக்கவில்லையே என்று மனிசி புறுபுறுத்தா. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் முதலில் நீந்திய குழுவில் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் தொடக்கச் சத்தத்துக்கு முன்னமே குதித்து வெளியே போய்விட்டார்கள். மிஞ்சினது ஆப்பிரிக்காவில் இருக்கிற எக்குவடோரியல் கினியாவின் எரிக் முசாம்பானி மட்டும்.

தனியாகக் குதித்தார். போகேக்க பரவாயில்லை. திரும்பி வரேக்க கை தண்ணீரை இழுக்கவில்லை, தண்ணீர்தான் கையை இழுத்தது. கால் கீழே போகிறது, தலை மேலே நிற்கிறது. முதலில் சனம் சிரித்தது, பொய் சொல்லவில்லை, நானும் சிரித்தேன். கடைசி இருபது மீட்டரில் ஒருவரும் சிரிக்கவில்லை. எழும்பி நின்று கத்தினோம். பக்கத்தில் இருந்த அவுஸ்திரேலியக் கிழவி என் தோளைப் பிடித்து உலுக்கினது இன்னும் ஞாபகம். 1 நிமிடம் 52.72 விநாடி. அதே தூரத்தை நெதர்லாந்தின் பீட்டர் வான் டென் ஹூகன்பாண்ட் 48 விநாடிக்குள் நீந்தி உலக சாதனை வைத்தார்.

நீந்தப் பழகி எட்டு மாதம்தான், அதுவும் ஒரு ஹோட்டல் குளத்தில் என்று பிறகு வாசித்தேன். 50 மீட்டர் தடாகத்தை அவர் முதன்முதலில் பார்த்ததே சிட்னியில்தானாம். “பகிடி” என்று அவரைக் காட்டுகிற ஆட்கள் ஒன்றைச் சொல்வதில்லை: அவர் பிறகும் விடாமல் பழகி 57 விநாடிக்குள் வந்தார். ஏதென்ஸுக்கு விசாச் சிக்கலால் போகமுடியவில்லை. பின்னாளில் தன் நாட்டு நீச்சல் அணிக்கே பயிற்சியாளரானார்.

*

முசாம்பானி போன்றவர்கள் எப்படி வர முடிகிறது என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். தகுதி நேரத்தை எட்டாத நாடுகளுக்கும் ஓரிரு இடம் ஒதுக்குவார்கள், பெரும்பாலும் ஓட்டத்திலும் நீச்சலிலும். “தகுதியில்லாதவர்களுக்கு எதற்கு இடம்?” என்று என் நண்பன் வருடக்கணக்காகச் சண்டை போடுவான். பாரிஸ் 2024இல் பெலிஸ், லீக்டன்ஸ்டைன், நவூரு, சோமாலியா நான்குக்கும் ஆளுக்கு ஒரே வீரர்தான். அதே பாரிஸில் கரீபியன் குட்டித் தீவான டொமினிக்காவின் தியா லாஃபோண்ட் மும்முறைத் தாண்டலில் 15.02 மீட்டர், தங்கம். அதே இரவு செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரட் 100 மீட்டரில் 10.72, தங்கம். இரண்டுமே அந்த நாடுகளின் முதல் ஒலிம்பிக் பதக்கம். இவர்கள் சலுகையில் வந்தவர்கள் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் நண்பன் அன்று ஃபோன் எடுக்கவில்லை.

*

சிங்கப்பூரில் ஆசிரியை நான். 2010இல் முதல் இளையோர் ஒலிம்பிக் இங்கேதான் நடந்தது. ஒவ்வொரு நாட்டையும் ஒரு பள்ளியோடு இணைத்தார்கள். எங்களுக்கு வந்தது ஒரு குட்டித் தீவு நாடு. “அமெரிக்கா கிடைக்கலையா டீச்சர்?” என்று முகத்தைத் தொங்கப்போட்டார்கள் பிள்ளைகள்.

நான்யாங் பல்கலைக்கழகத்தில் இருந்த வீரர் கிராமத்தில் போய்ச் சந்தித்தோம். அங்கே எல்லாரும் கழுத்துப் பட்டையில் தங்கள் நாட்டு பின்களை, அதாவது குட்டி பேட்ஜ்களை, குத்திக்கொண்டு மாற்றிக்கொள்வார்கள். பெரிய நாட்டுப் பிள்ளைகள் கை நிறைய அள்ளிக் கொடுப்பார்கள். எங்கள் அணியின் மேலாளர் அம்மா ஒரு சின்ன ஜிப் பையை எடுத்தார். உள்ளே எண்ணி வைத்த பின்கள். என் மாணவர்கள் பதினோரு பேர். ஒவ்வொன்றாகக் குத்திவிட்டார், பத்தாவதோடு நிறுத்தினார். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் சட்டையில் இருந்ததைக் கழற்றி, கடைசியாக நின்ற பையனுக்குக் குத்தினார். வீரர் கிராமத்திலேயே அந்த நாட்டு பின்னுக்குத்தான் அலைந்தார்கள், எங்கேயும் கிடைக்காதே. இவன் மட்டும் எத்தனை பேர் கேட்டும் மாற்றவில்லை.

*

டெல்லிக்காரரே, அந்தப் பையன் அடுத்த முயற்சியில் தூக்கினானா இல்லையா? கதையை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

*

தூக்கினான். எடையைக் கூட்டாமல் அதையே திரும்பக் கேட்டார்கள், மூன்று வெள்ளை. இந்த முறை நான் கையைத் தூக்கவில்லை, திரை மாற மாற எண்ணிக்கையைக் கத்திக்கொண்டே நின்றேன். போட்டி அதிகாரி ஒருவர் வந்து “இங்கே கத்தக் கூடாது” என்று திட்டிவிட்டுப் போனார். கோச் தட்டு மாற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பி, கத்து என்று சைகை காட்டினார்.