நிலைக்காந்த மோட்டாரின் இரும்பு இழப்பு: கணக்கில் 26 வாட், அளவீட்டில் 55 வாட்

கேள்வி

வணக்கம். 12 பள்ளங்களும் 8 துருவங்களும் கொண்ட, ரோட்டாரின் (சுழலும் பகுதியின்) மேற்பரப்பில் காந்தங்கள் ஒட்டப்பட்ட ஒரு மோட்டாரின் முதல் மாதிரியைச் செய்து முடித்திருக்கிறேன். 6000 ஆர்பிஎம் வேகத்தில் ஸ்டேட்டரின் (சுழலாத பகுதியின்) அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ். உள்ளகம் எம்270-35ஏ வகை 0.35 மி.மீ. தகடுகளால் ஆனது, எடை 1.2 கிலோ. பற்களிலும் (பள்ளங்களுக்கு இடையிலுள்ள பகுதிகள்) யோக்கிலும் (பற்களை இணைக்கும் வளையம்) கிடைத்த உச்சக் காந்தப் பாய அடர்த்தியைத் தகடு தயாரிப்பாளரின் 400 ஹெர்ட்ஸ் இழப்பு வளைகோட்டில் பொருத்தியதில் இரும்பு இழப்பு, அதாவது மாறும் காந்தப் பாயத்தால் உள்ளகத்தில் வெப்பமாக வீணாவது, 26 வாட் என்று வந்தது. ஆனால் சுருளின் முனைகளை எதனுடனும் இணைக்காமல் விட்டு, வேறொரு மோட்டாரால் சுழற்றி முறுக்குவிசையை அளந்தபோது 0.0875 நியூட்டன் மீட்டர், அதாவது 55 வாட் தேவைப்பட்டது. எங்கே தவறினேன்?

பதில் 1

பெரிதாகத் தவறியதாகத் தெரியவில்லை. கணக்கில் வருவதை 1.5 முதல் 2 வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்வது எங்கள் வழக்கம். வெப்பக் கணக்குக்கு அது போதும்.

பதில் 2

பெருக்கிக்கொள்ளலாம், ஆனால் அடுத்த வடிவமைப்பில் எதை மாற்றுவது என்பதை அந்த எண் சொல்லாது. முதலில், அந்த 55 வாட்டில் பேரிங் உராய்வும் காற்றுத் தடையும் அடங்கியிருக்கின்றன. அதே எடையில், காந்தமேற்றாத துண்டுகளை ஒட்டிய ஒரு ரோட்டாரைப் போட்டு, அதே வேகத்தில் சுழற்றிக் கழித்துவிடுங்கள்.

அடுத்தது அலைவடிவம். தயாரிப்பாளரின் வளைகோடு எப்ஸ்டைன் சட்டத்தில் (தகட்டுக் கீற்றுகளைச் சதுரமாக அடுக்கி இழப்பை அளக்கும் கருவியில்), சைன் வடிவப் பாயத்தில் அளக்கப்பட்டது. மேற்பரப்புக் காந்த மோட்டாரின் பல்லில் பாயம் அப்படி மாறுவதில்லை; காந்தத்தின் விளிம்பு பல்லைக் கடக்கும் சிறு நேரத்தில் சட்டென்று திசை மாறி, பிறகு ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. சுழல் மின்னோட்ட இழப்பு (மாறும் பாயம் தகட்டுக்குள் தூண்டும் மின்னோட்டத்தால் வருவது), பாயம் மாறும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், ஒரு சுற்றின் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் பாயம் எதிர் உச்சத்துக்குச் சென்றுவிட்டால், உச்ச மதிப்பு அதேதான் என்றாலும், அந்த இழப்பு சைன் வடிவத்தைப் போல இரு மடங்காகிறது. 50 ஹெர்ட்ஸில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை: 1.5 டெஸ்லாவில் இந்தத் தகட்டுக்கு அனுமதிக்கப்பட்ட கிலோவுக்கு 2.7 வாட்டில் சுழல் மின்னோட்டத்தின் பங்கு சுமார் 0.3 வாட்தான். 400 ஹெர்ட்ஸில் அதுவே 64 மடங்காகிக் கிட்டத்தட்ட 18 வாட் ஆகிவிடும். காந்தத் தயக்க இழப்போ (இரும்பின் காந்தத் திசையைத் திரும்பத் திரும்ப மாற்றுவதால் வருவது) எட்டு மடங்குதான் கூடுகிறது. ஆகவே இழப்பைப் பிரித்து, தயக்கத்துக்கு உச்ச மதிப்பையும் சுழல் மின்னோட்டத்துக்கு உண்மையான அலைவடிவத்தையும் பயன்படுத்துங்கள். இயற்பியலாளர் பெர்டோட்டி சேர்த்த மிகை இழப்பையும், அதாவது அதிர்வெண்ணின் 1.5 அடுக்கில் வளரும் பகுதியையும், விட்டுவிடாதீர்கள்.

தகடுகளை எப்படி வெட்டினீர்கள்? பல்லின் அகலம் என்ன?

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. காந்தமேற்றாத ரோட்டாரைச் சுழற்ற 13 வாட் ஆனது. ஆகவே மிஞ்சுவது 42 வாட். நீங்கள் சொன்னபடி பிரித்துக் கணக்கிட்டதில் 33 வாட் வருகிறது. தகடுகள் லேசரில் வெட்டப்பட்டவை. பல்லின் அகலம் 5 மி.மீ.

பதில் 2

அப்படியானால் மீதி 9 வாட்டின் பெரும்பகுதி அந்த வெட்டில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வெட்டின் வெப்பமும் இறுக்கமும் விளிம்பிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் வரை தகட்டைக் கெடுக்கும், 5 மி.மீ. பல்லில் இருபுறமும் அப்படிப் போனால் நல்ல இரும்பு என்று சொல்ல நடுவில் சிறு கீற்றுதான் மிஞ்சும். பள்ளத்தின் வாய் கடக்கும்போது காந்தங்களுக்குள்ளும் சிறிது சுழல் மின்னோட்டம் ஓடும். இந்தச் சோதனையில் அதையும் சேர்த்துத்தான் அளக்கிறீர்கள்.

உறுதிசெய்ய, அதே லேசரில் வெட்டிய இன்னொரு தொகுதியை 750 டிகிரி அளவில் காற்றுப் புகாத உலையில் பதப்படுத்தி, மறுபடி அளந்து பாருங்கள். தகட்டின் மேற்பூச்சு அந்த வெப்பத்தைத் தாங்குமா என்று விற்றவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பசையிட்டு ஒட்டிய தொகுதியை உலையில் வைத்துவிட வேண்டாம்; தகடுகளைத் தனித்தனியாகப் பதப்படுத்திய பின்பே ஒட்டுங்கள்.