ஜிடிஏ 6 பிசிக்கு வரவில்லை என்றால் பிசி சந்தை தளர்ந்துவிட்டது என்று அர்த்தமா?

நெல்லைச்சீமை:
ராக்ஸ்டார் நிறுவனத்தின் ஜிடிஏ 6 கேம் சோனியின் பிஎஸ்5, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகிய கன்சோல்களுக்கு (டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டிகள்) மட்டும்தான் அறிவிக்கப்பட்டது. இது புதிதும் அல்ல. ஜிடிஏ 5 கன்சோலில் 2013 செப்டம்பரில் வந்தது, பிசிக்கு வர 2015 ஏப்ரல் ஆனது. அதே நிறுவனத்தின் ரெட் டெட் 2-க்கும் ஒரு வருடம் காத்திருந்தோம். இவ்வளவு பணம் கொட்டி கேம் எடுப்பவர்கள் முதல் நாள் வசூல் எங்கிருந்து வரும் என்று கணக்குப் போடாமலா இருப்பார்கள்? பிசி சந்தை நன்றாக இருக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய பட்ஜெட் கேம்களுக்குச் சோறு போடுவது இன்னமும் கன்சோல்தான்.

சுண்டெலி:
ஒரு நிறுவனத்தின் வழக்கத்தை வைத்து மொத்தச் சந்தையையும் எடை போடுகிறீர்கள் நண்பரே. பிளாக் மித்: வூகாங் என்ற சீன கேமைப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் வந்தது, மூன்றே நாளில் 1 கோடி பிரதி விற்றது. பிசி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 24 லட்சம் பேர் அதை விளையாடினார்கள். சீனாவில் 2000-லிருந்து 2014 வரை கன்சோல் விற்பனைக்கே தடை இருந்தது. ஒரு தலைமுறை முழுக்க நெட் சென்டர் பிசியில் விளையாடி வளர்ந்தது. இன்றைக்கு அவர்கள் சம்பாதிக்கிறார்கள், கேமைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கொரியாவில் ஸ்டார்கிராஃப்ட் என்ற பிசி கேம் காலத்திலிருந்தே இதே கதைதான்.

அப்புறம் சோனி. தன் கேமை வெளியே விடவே மாட்டோம் என்று இருந்த நிறுவனம். ஹொரைசன் 2020-ல் பிசிக்கு வந்தது, காட் ஆஃப் வார் 2022-ல் வந்தது. 2024 பிப்ரவரியில் ஹெல்டைவர்ஸ் 2 பிஎஸ்5, பிசி இரண்டிலும் ஒரே நாளில் வந்தது. கன்சோல் வசூலே போதும் என்றால் இதற்கு என்ன அவசியம்?

நெல்லைச்சீமை:
அந்த ஹெல்டைவர்ஸையே எடுத்துக்கொள்வோம். 2024 மே மாதம் பிசிக்காரர்களும் பிஎஸ்என் (சோனியின் ஆன்லைன் சேவை) கணக்கு வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். பிஎஸ்என் சேவையே இல்லாத நாடுகளில் வாங்கியவர்கள் என்ன செய்வார்கள்? எதிர்ப்பு வெடித்த பிறகுதான் பின்வாங்கினார்கள். கன்சோல் கேமைப் பிசிக்கு மாற்றித் தரும் போர்ட் தரமும் அப்படித்தான். லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் 2023 மார்ச்சில் பிசிக்கு வந்தபோது, ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும் வரை மெனுவையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. பிறகும் திக்கித் திக்கி ஓடியது. பேட்ச் மேல் பேட்ச் போட்டுத்தான் சரி செய்தார்கள். முழு விலை கொடுத்தவரை இப்படி நடத்துகிற சந்தையை ஆரோக்கியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, ஸ்டீமில் மொத்தமாக ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று காட்டும் எண். அதில் கவுண்டர் ஸ்ட்ரைக், டோட்டா என்று இலவசமாக விளையாடுபவர்கள் எத்தனை லட்சம்? ஆள் எண்ணிக்கையும் விற்பனையும் ஒன்றல்ல.

கோவை_சிபியு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கணினிக் கடையில் அசெம்பிள் செய்கிறேன். இரண்டு பேரும் பேசாத ஒன்று இருக்கிறது: கையில் இருக்கும் பழைய பிசி.

எங்களிடம் கேமிங்குக்காக வருகிறவர்களில் பாதிப் பேர் புது பிசி வாங்க வருவதில்லை. ஆறேழு வருடப் பழைய கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "கார்டு மட்டும் மாத்திக் குடுங்கண்ணா" என்பார்கள், கிராபிக்ஸ் கார்டைத்தான் சொல்கிறார்கள். திறந்து எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி) லேபிளைப் பார்த்தால் 450 வாட் இருக்கும், புதுக் கார்டுக்கு வேண்டிய 8 பின் கனெக்டர் இருக்காது. அதையும் சேர்த்து மாற்றினால் இன்னும் சில வருடம் ஓடும். இந்த ஆட்கள் எந்த விற்பனைக் கணக்கிலும் புது பிசி வாங்கியவர்களாக வர மாட்டார்கள். ஆனால் கேம் வாங்குகிறார்கள். ஸ்டீம் மாதா மாதம் வெளியிடும் ஹார்டுவேர் கணக்கைப் பாருங்கள், 2025-லும் பாதிக்கு மேல் சாதாரண 1080பி மானிட்டர்தான். ஜிடிஎக்ஸ் 1060 என்ற நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டு வருடக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. 1,599 டாலருக்கு வந்த 4090 கார்டை வைத்து பிசி கேமிங் பணக்காரர் விஷயம் என்று வாதாடுவது நிலவரம் தெரியாத பேச்சு.

ஆனால் 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய வேகம் என்னைப் பயமுறுத்தியது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏஐ டேட்டா சென்டருக்கே சிப் எல்லாம் போகிறது. மெமரி சிப் செய்யும் மைக்ரான் நிறுவனம் நுகர்வோருக்கான க்ரூஷியல் பிராண்டையே விட்டுவிடுவதாக டிசம்பரில் அறிவித்தது. கொட்டேஷனில் "இன்று மட்டும் செல்லும்" என்று எழுதிக் கொடுக்கும் நிலைக்கு வந்தோம். முதன்முதலாக பிசி வாங்க நினைக்கும் கல்லூரிப் பையனுக்கு இது பெரிய அடி.

நெல்லைச்சீமை:
நான் சொல்ல வந்ததும் இதேதான் அண்ணா. பிஎஸ்5 இங்கே 2021-ல் 49,990 ரூபாய்க்கு வந்தது. அன்றைக்குக் கிரிப்டோ நாணயம் எடுப்பவர்கள் கிராபிக்ஸ் கார்டை எல்லாம் அள்ளிக்கொண்டு போன நேரம். அந்த விலையில் அதற்கு ஈடான பிசி கட்டவே முடியாது. டிஸ்க் வாங்கினால் முடித்துவிட்டு விற்றுவிடலாம், நண்பனுக்கும் கொடுக்கலாம். ஸ்டீமில் வாங்கியதை விற்க முடியுமா?

சுண்டெலி:
விற்க முடியாது, சரி. ஆனால் பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணம் திரும்ப வரும். 2015-லிருந்து இந்த விதி இருக்கிறது. ஆன்லைனில் விளையாடத் தனிச் சந்தா இல்லை. பிஎஸ்5-ல் காசு கொடுத்து வாங்கிய கேமையே ஆன்லைனில் விளையாட, இலவச கேம்கள் தவிர, சோனியின் பிளஸ் சந்தா கட்ட வேண்டும். ஐந்து வருடச் சந்தாவையும் கன்சோல் விலையோடு கூட்டிப் பாருங்கள். உங்கள் பிஎஸ்3 டிஸ்க்கைப் பிஎஸ்5-ல் போட்டால் ஓடாது. நான் 2008-ல் வாங்கிய கேம்கள் இன்றும் என் ஸ்டீம் லைப்ரரியில் இருக்கின்றன, பெரும்பாலானவை ஓடுகின்றன.

ஜிடிஏ கதையையும் முடித்துவிடுகிறேன். ஜிடிஏ 5-ஐ வைத்து ரசிகர்கள் ஃபைவ்எம் என்ற மாட் (கேமை மாற்றியமைக்கும் நிரல்) செய்தார்கள், அதில்தான் பிசியில் ரோல்பிளே (பாத்திரமாக நடித்து விளையாடும்) சர்வர்கள் ஓடின. அதைச் செய்த குழுவை ராக்ஸ்டார் 2023-ல் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிசிக் கூட்டத்தின் மதிப்பு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தாமதமாக விட்டால் ஒரே ஆளிடம் இரண்டு முறை விற்கலாம், அவ்வளவுதான் விஷயம்.

பிக்சல்தறி:
சின்ன கேம் செய்கிறவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. கன்சோலில் வெளியிட டெவ் கிட் (கேம் செய்பவர்களுக்கான தனிக் கன்சோல்), அனுமதி, சான்றிதழ் சோதனை என்று படி ஏற வேண்டும். ஸ்டீமில் 100 டாலர் கட்டி, அடிப்படைப் பரிசீலனை முடிந்தால் பக்கம் திறந்துவிடும். ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமை ஒரே ஆள் செய்தார், 2016-ல் முதலில் வந்தது பிசிக்குத்தான். கவுண்டர் ஸ்ட்ரைக்கும் டோட்டாவும் மாட்களாகப் பிறந்தவை. கன்சோலில் அவை பிறந்திருக்கவே முடியாது. புதியவன் உள்ளே வர முடிகிறதா என்பதுதான் நான் பார்க்கும் அளவுகோல். அதில் பிசியை யாரும் நெருங்கவில்லை.

ஆனால் கதவு எல்லோருக்கும் திறந்திருப்பதால் நெரிசலும் அங்கேதான். 2024-ல் மட்டும் ஸ்டீமில் 18 ஆயிரத்துக்கும் மேல் கேம்கள் வெளியாயின. பெரும்பாலானவற்றை யாரும் பார்க்கவே இல்லை.

நெல்லைச்சீமை:
அந்த நெரிசல் எனக்கு நோயின் அறிகுறியாகத்தான் படுகிறது. நின்டெண்டோவைப் பாருங்கள். தன் பெரிய கேம் ஒன்றைக்கூட பிசிக்குத் தந்ததில்லை. அதன் ஸ்விட்ச் கன்சோல் 15 கோடிக்கு மேல் விற்றது. ஸ்விட்ச் 2 2025 ஜூனில் நான்கே நாளில் 35 லட்சம் போனது. கன்சோல் அழிகிறது என்பவர்கள் எக்ஸ்பாக்ஸை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

சுண்டெலி:
அதே நின்டெண்டோவின் முந்தைய கன்சோலான வீ யூ மொத்தமாக 1.36 கோடிதான் விற்றது. ஒரு நிறுவனத்தின் ஒரு தவறான முடிவு, நான்கைந்து வருடம் அந்த மேடையே படுத்துவிட்டது. பிசியை அப்படி யாராலும் கவிழ்க்க முடியாது.

நெல்லைச்சீமை:
அதே காரணத்தால்தான் பிசியைத் தாங்கவும் யாரும் இல்லை. ரேம் விலை ஏறினால் முழுச் சுமையும் வாங்குகிறவர் தலையில். கன்சோல் நிறுவனம் நஷ்டத்துக்காவது விற்று, கேமில் பணத்தை எடுத்துக்கொள்ளும்.

சுண்டெலி:
அது பழைய காலம். பிஎஸ்4 399 டாலரில் தொடங்கி மூன்று வருடத்தில் 299-க்கு இறங்கியது. டிஸ்க் உள்ள பிஎஸ்5 499-ல் தொடங்கி 2025 ஆகஸ்டில் 549-க்கு ஏறியது. இங்கே 2022-லேயே 54,990 ஆக்கிவிட்டார்கள். வருடம் போகப் போக விலை ஏறும் கன்சோலை இதற்கு முன் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

கோவை_சிபியு:
சுண்டெலி, ஏறியது ஏறியதுதான். ஆனாலும் இன்றைக்கு ஒரு பையன் 55 ஆயிரத்தோடு வந்து, மானிட்டர், கீபோர்டு எல்லாம் சேர்த்துப் பெரிய கேம்களுக்கு ஒரு பிசி கேட்டால், வீட்டில் டிவி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். இருந்தால் பிஎஸ்5 வாங்கச் சொல்வேன். படிப்புக்கும் வேண்டும் என்றால் மட்டும் பிசி.

சுண்டெலி:
எல்லாப் பையனுக்கும் படிப்புக்கு ஒரு கணினி வேண்டுமே அண்ணா. அந்த லேப்டாப் காசையும் கன்சோல் பக்கம் கூட்டிச் சொல்லுங்கள்.