மார்கழி வந்தாலே அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது, என்ன செய்யலாம்?

கடையத்துக்காரன்:
அம்மாவுக்காகக் கேட்கிறேன். வயது 54. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பீடி சுற்றுகிறாள். ஐப்பசி மழை ஓய்ந்து பனி விழ ஆரம்பித்ததும் வருஷா வருஷம் இடுப்பு பிடித்துக்கொள்ளும், இந்த வருஷம் ரொம்ப மோசம். காலையில் 5 மணிக்கு எழுந்து பச்சைத்தண்ணீரில் குளித்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு நிமிரும்போது நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறாள். அப்புறம் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாடு வரை எழுந்திருப்பதே இல்லை. படுக்கை சிமெண்டுத் தரையில் ஒரு பாய் மட்டும்தான்.

போன மாதம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து பயந்துபோய் பத்து நாளாகப் படுத்தே கிடக்கிறாள், வலி குறையவில்லை, கூடத்தான் செய்கிறது. மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை தினமும் ஓடுகிறது. சர்க்கரையும் உண்டு. இது பனியால் வருவதா? ஒத்தடம் கொடுக்கலாமா? இன்னும் எத்தனை நாள் படுக்க வைக்க வேண்டும்?

அம்பை மைனி:
தம்பி, முதலில் அம்மாவை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். எனக்கும் இதே கதைதான். நான் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடும் வேலைக்குப் போனவள், பலகைக்கு முன்னால் குனிந்தே வருஷங்கள் போய்விட்டன. ஒரு கார்த்திகையில் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் படுத்தேன், எழுந்தபோது காலில் பலமே இல்லை, வலி மட்டும் அப்படியே இருந்தது.

எனக்குக் கேட்டது சூடுதான். நொச்சி இலையை நல்லெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம், இலை கிடைக்காத நாளில் கல்லுப்பை வறுத்து முடிந்துகொள்வேன். குளிப்பது வெந்நீரில்தான், அதுவும் விடிந்த பிறகு. தரையின் குளிர் பாயைத் தாண்டி ஏறும், அதனால் பாய்க்குக் கீழே இரண்டு பழைய ஜமக்காளத்தை மடித்துப் போடுங்கள்.

பாளை பிசியோ:
நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். மைனி சொன்னது சரி, ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒத்தடத்தில் கவனம் வேண்டும். சர்க்கரையால் உணர்ச்சி மங்கியவர்களுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் கிளம்பிய பிறகுதான் பார்ப்போம். முடிச்சை முதலில் உங்கள் முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள், துண்டு போட்டு அதன் மேல் 15 நிமிஷம் போதும்.

பனியைப் பற்றிக் கேட்டீர்கள். குளிரில் தசை இறுகும், உடம்பு அசைவதும் குறையும், அதனால் இருக்கும் வலி கூடுதலாகத் தெரியும். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பனியைவிட அந்த நேரத்தில் அம்மா செய்யும் வேலைதான் என் கண்ணில் படுகிறது. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் என்கிற முதுகெலும்புத் தட்டுகள் நீரை இழுத்து உப்பியிருக்கும், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் மிக அதிகம். மார்கழியில் கோலமும் பெரிதாகிவிடும். எழுந்ததும் முதலில் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும், கோலம் முக்கால் மணி நேரம் தள்ளிப் போகட்டும், போடும்போது இடுப்பை வளைக்காமல் சின்ன முக்காலியில் உட்கார்ந்து போடட்டும்.

பீடிக்கு உட்காரும்போது முதுகு சுவரில் சாய்ந்திருக்க வேண்டும், இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு, பிட்டத்துக்குக் கீழே மடித்த போர்வை. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்தே ஆக வேண்டும். தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைக்காமல் அடுப்படியில் வையுங்கள், தானாக எழுந்திருப்பார்கள். வலி கொஞ்சம் தணிந்ததும் மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சை நோக்கி மெதுவாக இழுத்து விடலாம், பக்கத்துக்கு பத்து தடவை. காலுக்குள் வலி இறங்கினால் அதை நிறுத்திவிடுங்கள்.

ஸ்கேனைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். அந்த வயதில் வலியே இல்லாத பலருக்கும் டிஸ்க் பிதுக்கம் தெரியும். பெரும்பாலோர் ஆபரேஷன் இல்லாமலே தேறுகிறார்கள். நான் அதிகம் கவலைப்படுவது அந்த மாத்திரையைப் பற்றித்தான். சர்க்கரை உள்ளவர்கள் வலி மாத்திரையைத் தினமும் போட்டால் சிறுநீரகம் கெடலாம், டாக்டரிடம் கேட்காமல் இனி வேண்டாம்.

பொருநைக்கரை:
ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எங்க அப்பாவுக்கும் பனிப்பிடிப்பு என்றுதான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் உட்காரும் இடமெல்லாம் மரத்துவிட்டது என்றார், சாயங்காலம் ஒன்றுக்குப் போக முடியவில்லை. அதையும் குளிர் என்றே நினைத்து ஒரு ராத்திரியைக் கடத்திவிட்டோம். மறுநாள் பாளை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய் ஆபரேஷன் செய்தும் ஒரு கால் பழையபடி வரவில்லை. இரண்டு தொடைக்கும் இடையில் மரத்துப்போவது, கால் துவளுவது, ஒன்றுக்கு ரெண்டுக்கு அடங்காமலோ அடைத்தோ போவது, இதில் எது வந்தாலும் அந்த நிமிஷமே கிளம்புங்கள். காய்ச்சலோடு முதுகுவலி வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா? முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான்.

கடையத்துக்காரன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மரப்பு ஏதும் இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். மாத்திரையை நிறுத்தியாச்சு. அட்டை இருக்கிறது, திங்கட்கிழமை முக்கூடல் போகிறோம். இன்று காலை 6 மணிக்கு மேல்தான் வாசலுக்கு விட்டேன், தெரு முக்கு வரை இரண்டு தடவை நடந்தாள். கோலத்தைத் தங்கச்சியிடம் கொடுக்கச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள், முக்காலியில் உட்கார்ந்து நாலு புள்ளியில் சின்னதாக ஒன்று போட்டாள். மைனி, நொச்சி ஆற்றங்கரையில் நிறைய நிற்கிறது, இலையை வதக்கும்போது தண்ணீர் ஏதும் சேர்க்க வேண்டுமா?

அம்பை மைனி:
ஒரு சொட்டு கூட வேண்டாம் தம்பி. எண்ணெய் மட்டும்தான், இலை சுருண்டதும் இறக்கிவிடுங்கள்.