மறு: கோபுரத்தில் ஒரே ஆன்டெனா, ஊருக்கே வைஃபை?

உறவுகளுக்கு வணக்கம்.

கோயில் கோபுரத்தில் பெரிய ஆன்டெனா ஒன்றை ஏற்றினால் ஊர் முழுக்க வைஃபை வந்துவிடும், ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு வாங்கிவிடலாம் என்று நம் ஊர்ச் சங்கக் குழுவில் வந்த மடலுக்கு நிறைய பேர் சரி சொல்லியிருக்கிறீர்கள். பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஆன்டெனா எவ்வளவு பெரிதானாலும் பதில் பேச வேண்டியது பிள்ளைகள் கையில் இருக்கும் போன். அதன் வைஃபை சக்தி சில பத்து மில்லிவாட்தான். மேலிருந்து கூப்பிடுவது கீழே கேட்கும், கீழிருந்து முனகுவது மேலே எட்டாது. போனில் கோடெல்லாம் நிறைந்து தெரியும், பக்கம் மட்டும் திறக்காது. ஆன்டெனாவின் ஆதாயம் (அலையை ஒரு திசையில் குவிக்கும் திறன்) போக வர இரண்டுக்கும் உதவுமே என்று கேட்கலாம். உதவும்தான். ஆனால் ஆதாயம் கூடக் கூடக் கதிர் ஒடுங்கும். ஊரைச் சுற்றிப் பரப்புகிற ஆன்டெனாவில் அது குறைவாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு, ஊர் மொத்தமும் ஒரே சேனலில் முறை வைத்துப் பேச வேண்டிவரும்.

எனவே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஃபைபர் வந்து நிற்கும் இடத்திலிருந்து கண்மாய்க்கு அப்பால் 3 கி.மீ. தள்ளி இருக்கும் 80 வீடுகள் வரை ஒரு ஜோடி தட்டு ரேடியோ (ஒன்றையொன்று பார்த்து நிற்கும் தட்டு வடிவ ஆன்டெனா).  அங்கே போனபின் தெருவுக்குத் தெரு சின்ன வைஃபை பெட்டிகள். அந்த 80 வீட்டை முதலில் எடுப்பதுதான் சரி என்பது என் கருத்து. கோயில் தெருவில் பாதி வீட்டில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது. அங்கே வைஃபை வைத்துவிட்டு 'ஊருக்கே பொது' என்றால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ராத்திரி எட்டு மணிக்கு இங்கே வந்து உட்கார்ந்து படிக்கப் போவதில்லை. ஏன் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

இனி அந்த 3 கி.மீ. தூரத்தைப் பார்ப்போம். கடையில் கிடைக்கும் தட்டு ரேடியோக்களில் யுபிக்விட்டி லைட்பீம் 5ஏசி ஜென்2, டிபி-லிங்க் சிபிஇ710 இரண்டுக்குமே ஆதாயம் 23 டிபிஐ. எது கிடைத்தாலும் ஒரே வகையில் இரண்டு வாங்குங்கள். 5.8 கிகாஹெர்ட்ஸில் 3 கி.மீ.க்கு அலை வெளியில் கரையும் அளவு சுமார் 117 டிபி (டெசிபெல்). செலுத்தும் சக்தியை 13 டிபிஎம் (சுமார் 20 மில்லிவாட்) என்று வைத்தால் மறுமுனையில் ஏறத்தாழ −58 டிபிஎம் சிக்னல் வர வேண்டும்; பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் கூடுதல். 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 100 எம்பிபிஎஸ் தாராளமாகப் போகும்.

அந்த −58 வராமல் −75லேயே நின்றால் இரண்டு காரணம்தான் அடிக்கடி இருக்கும். ஒன்று, தட்டு நடுக்கதிரை விட்டு, ஓரத்தில் கசியும் பலவீனமான பக்கக்கதிரில் மாட்டியிருக்கிறது. திருப்பத் திருப்ப எண் ஏறும், ஒரு இடத்தில் உச்சம்போல நிற்கும், இதுதான் என்று நட்டை முறுக்கிவிடுவார்கள். அது பொய் உச்சம். நிற்காமல் தாண்டித் திருப்பினால் எண் விழுந்து, மறுபடி அதைவிட 15, 20 டிபி மேலே ஏறும். ஒரு முனையை அசையாமல் வைத்துவிட்டு மறுமுனையை இடவலமாக முழுக்கத் துழாவ வேண்டும், பிறகு மேல்கீழ், பிறகு முனை மாற்றி அதே வேலை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திருப்பினால் பொழுது சாய்ந்தாலும் முடியாது.

இரண்டாவது காரணம் மரம். கண்ணுக்கு எதிர்முனை தெரிந்தால் போதும் என்பது தப்பு. இந்தத் தூரத்துக்கு நடுவழியில் கோட்டைச் சுற்றி 6.2 மீட்டர் ஆரத்துக்கு ஒரு குழாய் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 60 சதவீதம், அதாவது 3.7 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும்தான். இரு முனையும் 12 மீட்டர் உயர மேல்நிலைத் தொட்டியில் இருந்தால், 6 மீட்டர் சீமைக்கருவேலத்துக்கு மேலே போய்விடலாம். அது வளரும் வேகத்துக்கு ஆண்டுதோறும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும் வேண்டும். பனை வேறு கதை. அதன் மேலே போக முடியாது, விலகித்தான் போக வேண்டும். மட்டை கோட்டுக்குள் வந்தால் காற்றடிக்கும் நேரம் மட்டும் இணைப்பு துண்டுதுண்டாகும். பார்க்க ஆள் வரும்போது காற்று நின்றிருக்கும்.

இன்னொன்று, கண்மாய். சித்திரையில் அமைத்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் விமானம் ஏறிவிடுவோம். கார்த்திகையில் கண்மாய் நிறைந்ததும் நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் அலை நேர் அலையோடு மோதி எண் தடுமாறும். இரு முனையும் ஒரே உயரம் என்றால் தெறிக்கும் இடம் சரியாக நடுவே, தண்ணீரில் விழும். ஒரு முனையைத் தாழ்த்தினால் அந்த இடம் தாழ்ந்த முனைப் பக்கம் நகரும். கரை தாண்டி வயலில் விழும்படி உயரத்தைப் பார்த்து வைக்கலாம். அப்படித் தாழ்த்தும்போது மரத்துக்கு விட்ட இடைவெளி குறையும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தெருப் பெட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. வெளியில் வைக்கிற வகை, ஒன்றுக்கு 60 முதல் 80 மீட்டர் வீச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு போதும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்கள் மட்டும், 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். தகரக் கூரைக்குள் அலை நுழையாது, ஓட்டு வீட்டுக்குள் போகும். தகர வீடுகள் இருக்கும் வரிசையில் பெட்டியைக் கூரைக்கு மேலே ஏற்றாமல் வாசல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, கதவைப் பார்த்து வையுங்கள். சக்தியை முழுதாகக் கூட்டாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான். ஒரு போன் இன்னொரு போனைப் பார்க்க முடியாதபடி தனிமைப்படுத்தும் வசதியை மறக்காமல் போடுங்கள்.

பொதுவாக இந்த மாதிரித் திட்டங்களை மூழ்கடிப்பது ரேடியோ அல்ல, கரன்ட்தான். நம் வசூலில் பெரும்பங்கு அங்கேதான் போக வேண்டும். ஒரு முனைக்குச் சுமார் 25 வாட். 12.8 வோல்ட் 30 ஏஎச் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் பயன்படுத்தினால் 300 வாட்மணி, அதாவது 12 மணி நேரம். ஏசி இன்வெர்ட்டர் வைத்து மறுபடி அடாப்டரில் இறக்குவது வீண். நேராக டிசி யுபிஎஸ், ரேடியோவுக்கு மட்டும் 24 வோல்ட்டுக்கு ஏற்றும் சின்னப் பலகை. கடையிலிருந்து கரன்ட் எடுத்தால் இரவு கடை சாத்தும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள். மெயினுக்கு முன்னாலிருந்து தனி லைன் எடுக்க முடியாது என்றால் கடையே வேண்டாம்.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும். மடக்கினால் ஒடியும், முனை வெளுத்துப் பொடியும், இரண்டாவது மழைக்காலம் தாங்காது. முழுச் செம்பு, உறையிட்ட வெளிப்புற வகை வாங்குங்கள். சந்தேகம் வந்தால் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். தொட்டியிலிருந்து இறங்கும் கேபிளின் இரு முனையிலும் மின்னல் தடுப்பான், தனியாக எர்த் குழி. தொட்டிக்கும் தெருப் பெட்டிகளுக்கும் இடையில் செம்புக் கேபிளுக்குப் பதில் ஃபைபர் இழுத்தால் ஒரு இடத்தில் விழும் மின்னல் எல்லாவற்றையும் கொண்டுபோகாது; செம்புக் கேபிளுக்கு உள்ள 100 மீட்டர் என்ற வரம்பும் இல்லை.

சட்டப்படி எப்படி? வீட்டு இணைப்பை வாங்கிக் கடவுச்சொல்லைச் சுவரில் எழுதிவைக்கும் வேலை கூடாது. யார் எப்போது பயன்படுத்தினார் என்ற பதிவு இல்லாமல் பொது வைஃபை தந்தால் நாளை வில்லங்கம் இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டம் இதற்கென்றே வந்தது. அதில் பெட்டி வைத்து நடத்துகிறவர் பிடிஓ (பப்ளிக் டேட்டா ஆபீஸ்). உரிமம் வேண்டாம், தொலைத்தொடர்புத் துறைக்குக் கட்டணமும் இல்லை. அடையாளச் சரிபார்ப்பு, பதிவு, காசு வசூல் எல்லாம் பல பிடிஓக்களை ஒருங்கிணைக்கும் பிடிஓஏ நிறுவனமும் செயலி தருகிறவரும் பார்த்துக்கொள்வார்கள். நம் மகளிர் சுயஉதவிக் குழுவே பிடிஓ ஆகலாம். சங்கத்தின் பேரைவிட அதுவே நல்லது, தெருவிலேயே இருப்பவர்கள் அவர்கள்தான்.

முன்பு பிடிஓ என்றதும் நிறுவனங்கள் லீஸ்டு லைன் (பெரிய அலுவலகங்களுக்கான தனி இணைப்பு) விலை சொல்லி ஓட வைத்தார்கள். 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட ஆணைப்படி, 200 எம்பிபிஎஸ் வரை உள்ள வீட்டு ஃபைபர் திட்டங்களைப் பிடிஓக்களுக்கும் தர வேண்டும்; விலை வீட்டுக் கட்டணத்தைப் போல இரு மடங்கைத் தாண்டக் கூடாது. 599 ரூபாய்த் திட்டத்துக்கு 1198க்கு மேல் கேட்டால் இந்த ஆணையைக் காட்டுங்கள்.

மாத அளவையும் பாருங்கள். பல திட்டங்களில் 3300 ஜிபிக்குப் பின் வேகம் படுத்துவிடும். 100 எம்பிபிஎஸ் முழுதாக ஓடினால் அது மூன்று நாள் சோறு. வீட்டுக்கு நாளொன்றுக்கு 1.2 ஜிபி என்றால் 80 வீட்டுக்கு மாதம் 2880 ஜிபி, கட்டுக்குள் நிற்கும். ஆளுக்கு 5 எம்பிபிஎஸ் வரம்பு வைத்தால் பாட வீடியோ தடையில்லாமல் ஓடும். நள்ளிரவில் தானாக இறங்கும் செயலிப் புதுப்பிப்புகள் மொத்தத்தையும் விழுங்காமல் இருக்க ஆளுக்கு நாள் வரம்பும் வேண்டும்.

பணம் அனுப்புவதில் ஒரு எச்சரிக்கை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் அனுப்பினால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் அதை வாங்கக் கூடாது. சிங்கப்பூர், கனடா குடியுரிமை உள்ளவர்கள் தயவுசெய்து இப்போதைக்குப் பொறுங்கள். துபாயிலிருந்து பயணப் பெட்டிக்குள் ரேடியோ கொண்டுவரும் யோசனையும் வேண்டாம். இந்திய ஒப்புதல் பெற்ற வகையை ஊரிலேயே வாங்கினால்தான் உத்தரவாதமும் கிடைக்கும், எந்த நாட்டு விதிப்படி இயங்க வேண்டும் என்று ரேடியோவுக்குச் சொல்லும் நாட்டுக் குறியீடும் சரியாக அமையும்.

வசூலுக்கு முன் ஒரே ஒரு வேலை. நம் மாநிலத்தில் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் பணியை மாநில அரசு நிறுவனமான டான்ஃபினெட் செய்கிறது. நம் ஊராட்சி அலுவலகத்தில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி இருந்தால் மட்டும் போதாது, உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊரில் இருக்கும் யாராவது அதன் முன்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். 'பான்' விளக்கு பச்சையில் நிலையாக எரிந்தால் மேற்கொண்டு பேசலாம். 'லாஸ்' விளக்கு சிவப்பில் மின்னினால் ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது. தனியார் இணைப்பு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று விசாரிக்க வேண்டும். விளக்கே எரியவில்லை என்றால், முதலில் பிளக்கைப் பாருங்கள். மின்விசிறிக்காகக் கழற்றியிருப்பார்கள்.