உதவி: படுகை கொதிக்க ஆரம்பித்ததும் டொலுயீன் வெளியே வருகிறது, ஏன்?

ரிவியூ_பயம்: எம்.டெக் பிராஜெக்ட். ஃப்ளூயிடைஸ்டு பெட்டில் (கீழிருந்து வரும் காற்றில் துகள்கள் மிதந்து கலங்கும் படுகை) ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளைக் கரி போட்டு, காற்றிலிருந்து டொலுயீன் என்ற கரைப்பானின் ஆவியைப் பிடிக்க வேண்டும். ஃபிக்ஸ்டு பெட்டாக, அதாவது கரி அசையாமல் இருக்கும்படி ஓட்டினால் ரொம்ப நேரம் வெளியே பூஜ்யம்தான். காற்றைக் கூட்டி, கரி உலைநீர் மாதிரி கொதிக்க ஆரம்பித்தால் உடனே வெளியே டொலுயீன் அளக்கும் மீட்டர் ஏறுகிறது. கரி கெட்டுப்போச்சா? அடுத்த வாரம் ரிவியூ, யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

வால்வு_வாசு: குழாய் விட்டம்? கரியின் அளவு? காற்று எத்தனை லிட்டர்? உள்ளே வரும் காற்றில் டொலுயீன் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு)? எந்த மீட்டர்?

கடலோரம்: ஈரப்பதம்தான், சந்தேகமே வேண்டாம். ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டினால் கரியின் நுண்துளைகளில் தண்ணீர் ஏறிக்கொள்ளும், டொலுயீனுக்கு இடம் குறையும். கம்ப்ரசருக்குப் பிறகு சிலிக்கா ஜெல் போடுங்க.

வால்வு_வாசு: அதே காற்றில்தானே ஃபிக்ஸ்டு பெட் பூஜ்யம் காட்டியது?

மின்பொறி: குழாய் அக்ரிலிக்கா? உரசலில் சுவர் மின்னேற்றம் பெற்று கரி அதில் ஒட்டும், நடுவில் காற்று வழி பிடித்து ஓடிவிடும். எர்த் பண்ணிப் பாருங்க.

பழைய_பாய்லர்: தம்பி, இதெல்லாம் மூணாம் வருஷப் பாடம். குறைந்தபட்ச பாய்ம வேகம், அதாவது துகள்கள் மிதக்கத் தொடங்கும் காற்று வேகம், கணக்குப் போட்டீங்களா? போடாமல் குழாயைத் திறந்துவிட்டு இங்கே வந்து கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்?

ரிவியூ_பயம்: தம்பி இல்லை சார், தங்கச்சி. விட்டம் 50 மி.மீ, அக்ரிலிக். கரி சராசரியாக 0.5 மி.மீ, காங்கேயம் பக்கம் வாங்கிய தேங்காய்ச் சிரட்டைக் கரி. காற்று நிமிடத்துக்கு 30 லிட்டர். ஃபிக்ஸ்டு பெட்டுக்கு 6. உள்ளே 200 பிபிஎம். மீட்டர் பிஐடி (புற ஊதா விளக்கால் ஆவியை அளப்பது).

பழைய_பாய்லர்: சரிம்மா. அந்த வேகத்துக்கான வென்-யூ சமன்பாட்டில் போட்டால், துகள் அடர்த்தி கன மீட்டருக்கு 850 கிலோ என்று வைத்து, நொடிக்கு சுமார் 7 செ.மீ. வரும். உங்கள் குழாயில் அது நிமிடத்துக்கு 8 லிட்டர். நீங்கள் விடுவது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பாதிக்கு மேற்பட்ட காற்று பெரிய குமிழியாகக் கரியைத் தொடாமலே மேலே போகும். ஒல்லிக் குழாயில் குமிழி குழாயையே அடைத்துக்கொண்டு ஏறும்.

சல்லடை: இன்னொன்றும் இருக்கு. 6 லிட்டரையும் 30 லிட்டரையும் ஒப்பிடுகிறீர்கள். அதே 200 பிபிஎம்முக்கு டொலுயீன் வரத்து ஐந்து மடங்கு, கரியோடு இருக்கும் நேரம் ஐந்தில் ஒன்று. அதைச் சரிசெய்தாலும் முழுப் பூஜ்யம் வராது. ஃபிக்ஸ்டு பெட்டில் மேல்பகுதிக் கரி கடைசிவரை புதிதாகவே இருக்கும், காற்று கடைசியாகத் தொடுவது அதைத்தான். கொதிக்கும் படுகையில் எல்லாத் துகளும் கலந்து, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் டொலுயீன் ஏறிய துகள்கள். வெளியேறும் காற்று அவற்றோடுதான் சமநிலைக்கு வரும். அதனால்தான் ஆலைகளில் துளைத்தட்டுகளை அடுக்கி, கரி மேலிருந்து கீழே, காற்று கீழிருந்து மேலே என்று விடுகிறார்கள்.

வால்வு_வாசு: பிஐடியை ஐசோபியூட்டிலீன் வாயுவில் கேலிபரேட் செய்திருந்தால், 10.6 இவி (எலக்ட்ரான் வோல்ட்) விளக்குக்கு உண்மையான டொலுயீன் அளவு மீட்டர் காட்டுவதில் சுமார் பாதிதான். 200 என்பது அந்தத் திருத்தம் போட்டதா?

கிணற்றுக்காரர்: காங்கேயம் என்றதும் ஒன்று கேட்கிறேன். அது வெறும் சிரட்டைக் கரியா, நீராவியில் கிளர்வூட்டி நுண்துளை திறந்ததா? முதலாவது என்றால் அடுப்புக்குத்தான் ஆகும். சிரட்டையைக் குழியில் எரித்துத் தண்ணீர் ஊற்றி அணைக்கும் இடங்களில் கிணற்றுத் தண்ணீரே நிறம் மாறிப்போகிறது. அந்தக் கரியில் காற்றைச் சுத்தம் பண்றீங்க.

மின்பொறி: எல்லோரும் குழியில் சுடுவதில்லை. உலை வைத்து வாயுவை எரித்து வெப்பம் எடுப்பவர்களும் உண்டு.

கிணற்றுக்காரர்: எங்கள் பக்கம் வந்து பாருங்க.

கடலோரம்: ஃபிக்ஸ்டு பெட்டே பூஜ்யம் தரும்போது இந்தக் கொதிப்பு எதற்கு?

சல்லடை: பெயின்ட் பூத் மாதிரி நாள் முழுக்க ஓடும் இடத்துக்கு. கரி தானாகவே நகர்ந்து சூடாக்கும் பகுதிக்குப் போய்த் திரும்பும், நிறுத்தவே வேண்டாம். காற்றைக் கூட்டினாலும் படுகையின் அழுத்த இழப்பு பெரிதாக ஏறாது. அசிட்டோன் மாதிரிக் கீட்டோன் கரைப்பான் வந்தால் ஃபிக்ஸ்டு பெட்டில் ஓரிடம் சூடாகித் தீப்பிடித்ததுண்டு, கலங்கும் படுகையில் வெப்பம் பரவிவிடும். ஆனால் உடைத்துச் செய்த கரி தேய்ந்து தூளாகும். அதற்குத்தான் ஜப்பானின் குரேஹா உருண்டைக் கரி செய்கிறது, 0.7 மி.மீ. அளவில்.

பழைய_பாய்லர்: அந்த விலைக்கு அவர்கள் டிபார்ட்மென்டே வாங்காது.

ரிவியூ_பயம்: 15 லிட்டருக்கு இறக்கினேன், மீட்டர் நன்றாகக் குறைந்தது, பூஜ்யம் இல்லை. கைடு மூன்று தட்டு போடச் சொல்லிவிட்டார். நன்றி எல்லோருக்கும்.

வால்வு_வாசு: தட்டில் அழுத்த இழப்பு படுகையுடையதில் 20 முதல் 40 சதவீதமாவது இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு பக்கமாகவே பொங்கும். பிஐடி கேள்விக்கு இன்னும் பதில் வரலையே?

கடலோரம்: ஈரப்பதமும் சொல்லவில்லை.